அறுபத்தி நாலு கேள்வி

உக்காருங்க சார், தாராளமா உக்காருங்க. இந்தப் பைய நான் மடியில வெச்சுக்கிறேன், ஒண்ணும் சிரமமில்ல. எது வரைக்கும் போறீங்க? திருப்பூரா? நானும் திருப்பூருக்குத்தான் டிக்கெட் எடுத்திருக்கேன். அங்க எனக்கு ஒரு வேலையும் கிடையாது. கண்டக்டர் எங்கன்னு கேட்டாரு, பஸ்ஸு முன்னாடி போட்டிருந்த ஊரைச் சொல்லிட்டேன்.

பையில என்னன்னு பாக்குறீங்களா? கேஸ் கட்டு சார். நான் வக்கீல் குமாஸ்தா. பூமிநாதன்னு பேரு. திண்டுக்கல்ல மாசிலாமணி வக்கீல்கிட்ட முப்பத்தோரு வருஷம். அவரு கறுப்புக் கோட்டு போடுறாரு, எந்திரிச்சுப் பேசுறாரு. சாட்சியைத் தயார் பண்றது நான். கோர்ட்டு பக்கத்துல டீக்கடையில வேணா கேட்டுப் பாருங்க, பூமிநாதன் தயார் பண்ணின சாட்சி கூண்டுல தடுமாறாதுன்னு சொல்லுவாங்க. பெருமைக்குச் சொல்லல. தகவலுக்குச் சொல்றேன்.

தயார் பண்றதுன்னா பொய் சொல்லிக் குடுக்கறதுன்னு நினைச்சுக்காதீங்க. எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. நடந்தது நடந்ததுதான், அதை நாம மாத்த முடியுமா? ஆனா நடந்ததை மனுஷன் நேராச் சொல்ல மாட்டேங்கிறான் சார். ஒரு வெங்காய மண்டிக்காரரு. 'இது உங்க கையெழுத்தா?'ன்னு கேட்டாங்க. ஆமான்னு சொல்லிட்டு இறங்க வேண்டியதுதானே? அன்னிக்கு மழை பெஞ்சுது, மச்சான் வந்திருந்தான், மச்சானுக்குப் பொண்ணு பாக்கப் போகணும், அவசரத்துல போட்டேன்னு ஆரம்பிச்சுட்டாரு. எதிர்த்தரப்பு வக்கீல் கையக் கட்டிக்கிட்டு, சொல்லுங்க சொல்லுங்கன்னு கேட்டாரு. அவசரத்துல படிக்காம போட்டீங்க, அப்படித்தானேன்னு ஒரே போடு. முடிஞ்சுது கதை.

அதனால நான் காகிதத்தை வெச்சுத்தான் ஆரம்பிப்பேன். மேஜையைச் சுத்தமாத் துடைச்சுடுவேன். சாட்சியை எதிர்ல உக்கார வெச்சு ஒரு காகிதம் குடுப்பேன். ஒண்ணே ஒண்ணு. மொத்தக் கட்டையும் குடுத்தா மிரண்டுடுவாங்க. கையில வாங்கு. முன்பக்கம் பாரு, பின்பக்கம் பாரு. தேதி எங்க இருக்கு பாரு. அப்புறம் நிமிரு. அதுக்கப்புறம் வாயைத் திற. அந்தக் காகிதம் கைக்குப் பழகினப்புறம்தான் அடுத்தது. படிக்கத் தெரியாத கிழவியைக்கூட இப்படிப் பழக்கியிருக்கேன். எட்டு ஆவணம், எட்டையும் சரியா அடையாளம் காட்டிச்சு அந்தம்மா. ஜட்ஜே நிமிர்ந்து பாத்தாரு.

இதை ஏன் சொல்றேன்னா, கடைசியா நான் தயார் பண்ணின சாட்சி என் பொண்ணு. வினோதினி. ஒரே பொண்ணு. அவ அம்மா போயி ஏழு வருஷம் ஆச்சு.

கரூர்ல குடுத்திருந்தேன். மாப்பிள்ளை கிருபாகரன், கொசுவலைக் கம்பெனியில சூப்பர்வைசர். நல்ல உத்தியோகம், சொந்த வீடு, பீடி சிகரெட் கிடையாது. விசாரிச்சுத்தான் குடுத்தேன். விசாரிக்கறதுல நான் குறை வெக்க மாட்டேன். கல்யாணமாகி ரெண்டாவது வருஷம் ஜூன் மாசம் ஒரு கடுதாசி வந்துச்சு. அவ போனை அவன் பிடுங்கி வெச்சுக்கிட்டானாம், அதனால கடுதாசி. பகல்ல வீட்டுல யாரும் இருக்க மாட்டாங்கன்னு ஆபீஸ் விலாசத்துக்குப் போட்டிருந்தா. புத்திசாலிப் பொண்ணு.

ஆபீசுக்கு வர்ற தபால் எதுவா இருந்தாலும், பிரிச்சு முதல்ல தேதி முத்திரை குத்திடுவேன். வட்ட முத்திரை, நடுவுல தேதி. கை தானா குத்தும், கண்ணு அப்புறம்தான் படிக்கும். அன்னிக்கும் குத்திட்டேன். பெறப்பட்டது, ஜூன் பதினாலு. குத்தின அப்புறம்தான் கையெழுத்தைப் பாத்தேன், அட நம்ம வினோ.

என்ன எழுதியிருந்தான்னு கேக்குறீங்களா? மனப்பாடம் சார். 'அப்பா, என்னால இங்க இருக்க முடியல. அவரு கை நீட்டுறாரு. போன வியாழக்கிழமை அடிச்சதுல இடது காது இன்னும் கேக்கல. வந்து கூட்டிட்டுப் போங்க. நாளைக்கே வாங்க.' இவ்வளவுதான். இன்னிக்கும் சொல்றேன், அது ரொம்ப நல்ல ஆவணம். கிழமை இருக்கு, காயம் இருக்கு, எந்தக் காதுன்னு இருக்கு. கோர்ட்டுக்குன்னு எழுதினது இல்ல, தகப்பனுக்கு எழுதினது. அதுக்குன்னே ஒரு மதிப்பு உண்டு.

எப்பக் கூட்டிட்டு வந்தேனா? அதுக்கு வர்றேன் சார். பிப்ரவரியில.

கேஸ் போட்டோம். விவாகரத்து, கொடுமைங்கிற காரணத்துக்கு. அவன் பதிலுக்கு, நான் அடிக்கவே இல்ல, என் பொண்டாட்டிய என்கூட அனுப்பி வைங்கன்னு மனு போட்டான். எங்க சீனியர் மாசிலாமணி என்னைக் கூப்பிட்டாரு. பூமி, உன்னை சாட்சியாப் போட வேண்டாம், குமாஸ்தா கூண்டுல ஏறினா நம்ம ஆபீசே கதை கட்டின மாதிரி ஆயிடும், பொண்ணு ஒருத்தி போதும், நீ தயார் பண்ணினா அது பத்து சாட்சிக்குச் சமம்னாரு. எனக்கும் அதுதான் சரின்னு பட்டுச்சு.

பதினோரு ஞாயித்துக்கிழமை சார். ஆபீஸ்ல யாரும் இருக்க மாட்டாங்க. காலைல அவளைக் கூட்டிட்டுப் போயிடுவேன், ஃபேனைப் போட்டுட்டு மேஜையைத் துடைப்பேன். அங்க நான் அப்பா கிடையாது, அவளுக்கு அதை முதல்லயே சொல்லிட்டேன். நான் எதிர்த்தரப்பு. வாங்க போங்கன்னுதான் கேப்பேன். 'அம்மா, உங்க கணவர் உங்களை அடிச்சார்ங்கறீங்க. எந்தக் கையால அடிச்சாரு?' 'வலது கை.' 'அப்ப எதிர்ல நின்னாரா, பின்னாடி நின்னாரா?' இப்படி. அறுபத்தி நாலு கேள்வி எழுதி வெச்சிருந்தேன், ஒவ்வொண்ணும் எந்தக் காகிதத்தைக் காட்டிக் கேப்பாங்கன்னு ஓரத்துல குறிச்சு.

ஆவணம் எல்லாமே கச்சிதம். கல்யாணப் பத்திரிகை, ஆஸ்பத்திரிச் சீட்டு, காது டாக்டர் சர்டிபிகேட், அந்தக் கடுதாசி. அப்புறம் காலண்டர் தாள். அதைச் சொல்லணும் சார். தினசரி காலண்டர்ல தாள் கிழிப்போம்ல, அந்தத் தாளுக்குப் பின்னாடி எழுதி வெச்சிருந்தா. அடி விழுந்த அன்னிக்குத் தாளைக் கிழிச்சு, பின்பக்கம் என்ன நடந்துச்சுன்னு ரெண்டு வரி. தேதி அச்சாவே இருக்கு, கிழமை இருக்கு, அஷ்டமி நவமி முதற்கொண்டு இருக்கு. யாரு மறுக்க முடியும்? எட்டு மாசத்துல முப்பத்தேழு தாள். அரிசி டப்பாவுக்கு அடியில வெச்சிருந்திருக்கா. முப்பத்தோரு வருஷத்துல அப்படி ஒரு ஆவணம் நான் பாத்ததில்ல.

முதல் ரெண்டு ஞாயிறு அழுதா. ஒரு தாளைக் கையில குடுத்தா போதும், திருப்பிப் பாப்பா, உதடு கோணும். நான் காகிதத்தைத் திரும்ப வாங்கி வெச்சுட்டு, தண்ணி குடிங்கம்மா, மறுபடியும் ஆரம்பிக்கலாம்பேன். மூணாவது ஞாயிறு பாதிலதான் அழுதா. அஞ்சாவது ஞாயிறு அழல. எட்டாவது ஞாயிறுக்கெல்லாம், கேஸ் சிலிண்டர் எப்ப வந்துச்சுன்னு கேட்டா சொல்ற மாதிரி சொன்னா. 'நவம்பர் ஒன்பது. சாம்பார்ல உப்பு. தலையைச் சுவத்துல மோதினார். ரெண்டு தடவை.' நிமிர்ந்து, நேராப் பாத்து, குரல் ஆடாம. எனக்கு அவ்வளவு திருப்தியா இருந்துச்சு. வீட்டுக்கு வர்ற வழியில பரோட்டா வாங்கிக் குடுத்தேன்.

எனக்குக் கஷ்டமா இல்லையான்னு கேக்குறீங்க. இருக்காதா பின்ன? முதல் ஞாயிறு இருந்துச்சு. அப்புறம் மரத்துப் போச்சு சார். அவளுக்கும் மரத்துப் போச்சு, எனக்கும் மரத்துப் போச்சு. சாட்சி சொல்றதுக்கு அது நல்லதுதான்.

வழக்கு வந்துச்சு. எதிர்ல தமயந்தி அம்மா. நல்ல வக்கீல். குரலை உசத்தவே மாட்டாங்க, பக்கத்து வீட்டு அக்கா மாதிரி கேப்பாங்க. அதுதான் ஆபத்து. வினோ கூண்டுல நின்னா. நான் சீனியருக்குப் பின்னாடி கட்டை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒரு மணி நேரம் கேட்டாங்க. நான் எழுதின கேள்விதான் ஒண்ணொண்ணா வருது. வலது கையா, இடது கையான்னு அதே கேள்வி. நம்ம பொண்ணு காகிதத்தை வாங்குது, திருப்பிப் பாக்குது, நிமிருது, சொல்லுது. பக்கத்து ஆபீஸ் குமாஸ்தா என் தொடையில தட்டி, என்னய்யா வக்கீலுக்கே படிக்க வெச்சிருக்கலாம் போலிருக்கேன்னான்.

அப்புறம் தமயந்தி அம்மா அந்தக் கடுதாசியைக் கையில எடுத்தாங்க. சாட்சிகிட்ட குடுத்தாங்க.

'இது நீங்க உங்க அப்பாவுக்கு எழுதினது?' 'ஆமா.' 'இதுல ஒரு முத்திரை இருக்கே, என்ன தேதி?' 'ஜூன் பதினாலு.' 'அப்ப ஜூன் பதினாலாம் தேதி உங்க அப்பா கையில கிடைச்சிருக்கு.' 'ஆமா.' 'உங்க அப்பா என்ன வேலை பாக்குறாரு?' 'வக்கீல் குமாஸ்தா.' 'சட்டம் தெரிஞ்சவர்.' 'ஆமா.' 'உங்களைக் கரூர்லேர்ந்து கூட்டிட்டு வந்தது?' 'பிப்ரவரி பதினெட்டு.' 'எட்டு மாசம்.' வினோ ஒண்ணும் சொல்லல. அது கேள்வி இல்லையே. நல்லாத்தான் பழக்கியிருந்தேன்.

அப்பத்தான் கேட்டாங்க சார். 'ஏம்மா, ஒரே பொண்ணு. காது கேக்கல, நாளைக்கே வாங்கன்னு எழுதுறா. ரெண்டு மணி நேரப் பஸ்ஸு. அப்பா எட்டு மாசம் வரல. ஒண்ணு, பொண்ணு அடி வாங்கட்டும்னு விட்ட தகப்பனா இருக்கணும். இல்ல, இதுல எழுதியிருக்கறது பொய்னு அவருக்கே தெரிஞ்சிருக்கணும். எதும்மா?'

அறுபத்தி நாலு கேள்வியில இது இல்ல. எப்படி விட்டேன்னு தெரியல. எல்லாக் காகிதத்தையும் முன்பக்கம் பின்பக்கம் பாத்தவன், என் முத்திரையை நான் பாக்கல. தினம் நூறு குத்துறேன், அது கண்ணுலயே படல. அந்த முத்திரை மட்டும் இல்லைன்னா, கடுதாசி எப்பக் கிடைச்சுதுன்னு யாருக்கும் தெரியாது. கேஸ் ஜெயிச்சிருக்கும். நான் எத்தனையோ தடவை யோசிச்சுட்டேன், தப்பு அந்த முத்திரையிலதான்.

கோர்ட்டு ஹால்ல அன்னிக்கு நல்ல கூட்டம். எல்லாம் எனக்குத் தெரிஞ்சவங்க. டவாலி, டைப்பிஸ்ட், குமாஸ்தாக்கள், முப்பது வருஷமா கூட டீ குடிச்சவங்க. எல்லாரும் அவளைப் பாக்கல, என்னைப் பாத்தாங்க. நான் கட்டைப் பிரிச்சு என்னவோ தேடுற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன். அவ என்னைப் பாத்தாளான்னு எனக்குத் தெரியாது.

அப்புறம் சொன்னா. நான் பழக்கின அதே குரல். 'அப்பா மேல தப்பு இல்ல. நான்தான் கோவத்துல அப்படி எழுதிட்டேன். அதுல எழுதின மாதிரி ஒண்ணும் நடக்கல.'

டைப்பிஸ்ட் அடிச்சாச்சு. அடிச்சது அடிச்சதுதான். சீனியர் எந்திரிச்சு என்னென்னமோ மறுவிசாரணை கேட்டுப் பாத்தாரு, கேட்ட எல்லாத்துக்கும் அதையேதான் சொன்னா. தீர்ப்புல இருபத்து மூணாவது பத்தி. 'மனுதாரரே தனது குறுக்கு விசாரணையில் அப்படி எதுவும் நடக்கவில்லை என்று ஒப்புக்கொண்டுள்ளார்.' மனு தள்ளுபடி. அவன் கூட வாழப் போகணும்னு உத்தரவு.

சொல்லுங்க சார், ஏன் அப்படிச் சொன்னா? நான் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேன். தெரியாத கேள்வி வந்தா, எனக்குத் தெரியாது, அப்பாவைத்தான் கேக்கணும்னு சொல்லிட்டு நில்லு. அது போதுமே. பதினோரு ஞாயிறு பாடுபட்டது ஒரே நிமிஷத்துல போச்சு. தன் எழுத்தைத் தானே பொய்னு சொன்ன சாட்சிய நான் அன்னிக்குத்தான் பாத்தேன். அதும் என் பொண்ணு. அன்னிக்கு ராத்திரி கேட்டேன், ஏம்மா இப்படிப் பண்ணினேன்னு. தோசை ஆறுது சாப்பிடுங்கன்னா.

தண்ணி இருக்கு சார், எனக்கு வேண்டாம். நீங்க குடிங்க.

அப்புறம் அவன் தொல்லை ஆரம்பிச்சுது. வினோ பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு துணிக்கடையில வேலைக்குச் சேந்திருந்தா. அங்க வந்து நின்னு, என் பொண்டாட்டியை அனுப்புங்கடான்னு கத்துவான். கோர்ட்டு உத்தரவை லேமினேட் பண்ணிக் கையில வெச்சிருக்கான். போலீசுக்குப் போனா, சட்டப்படி உன் புருஷன்தானம்மா, பேசித் தீத்துக்கங்கன்னு அனுப்பிட்டாங்க. போன வாரம் கடைக்குள்ளயே வந்து கையப் பிடிச்சு இழுத்திருக்கான். முதலாளி, நீ இனிமே வராதம்மான்னு சொல்லிட்டாரு. இது எனக்குக் கடைக்காரப் பையன் சொல்லித்தான் தெரியும். அவ சொல்லல. இப்பல்லாம் அவ எங்கிட்ட எதையும் சொல்றதில்ல. சண்டையும் கிடையாது. காபி குடுப்பா, துணி மடிச்சு வெப்பா.

இன்னிக்குக் காலைல எந்திரிச்சா வீடு சத்தமில்லாம இருந்துச்சு. மேஜை மேல சாவி. சாவிக்கு அடியில ஒரு கவரும் ஒரு துண்டுச் சீட்டும். தாராபுரத்துல ஒரு பள்ளிக்கூட ஹாஸ்டல்ல வார்டன் வேலை கிடைச்சிருக்கு, தங்கறதுக்கு இடமும் உண்டு, யாருகிட்டயும் சொல்ல வேண்டாம்னு எழுதியிருந்தா. கவருக்குள்ள இருந்தது நான் எழுதின கடுதாசி.

ஆமா சார், நான் எழுதினது. ஜூன் பதினாலு அவ கடுதாசி வந்துச்சுல்ல, மறுநாளே பதில் போட்டேன். சும்மா இருந்தேன்னு நினைக்காதீங்க. கரூர்ல அவளுக்குப் பால் ஊத்துற பால்காரம்மா வீட்டு விலாசத்துக்கு அனுப்பினேன், அவன் கண்ணுல படக் கூடாதுன்னு. ஆபீஸ் மெஷின்ல டைப் அடிச்சது. இருங்க, சட்டைப் பையிலதான் இருக்கு. படிக்கிறேன்.

'அன்புள்ள வினோ, கடிதம் கிடைத்தது. நீ எழுதியது முழுக்க உண்மை என்று அப்பாவுக்குத் தெரியும். ஒன்று, அவசரப்பட்டு வெளியே வராதே. வெறுங்கையோடு வந்தால் கோர்ட்டில் நிற்காது. இரண்டு, ஒவ்வொரு சம்பவத்தையும் அன்றன்றைக்கே தேதி போட்டு எழுதி வை. மூன்று, ஆஸ்பத்திரிக்குப் போனால் சீட்டு வாங்கத் தவறாதே. நான்கு, கொஞ்சம் ஆவணங்கள் சேரட்டும், அப்பா வருகிறேன்.'

கீழ என் கையெழுத்து.

இதைக் கட்டுல சேக்க வேண்டாம்னு நான்தான் சொன்னேன். சட்டப்படி சரியான காரணம் இருக்கு. இதைப் பாத்தா அந்தக் காலண்டர் தாளெல்லாம் தகப்பன் சொல்லிக் குடுத்து எழுதினதுன்னு பிடிச்சுக்குவாங்க. கிழிச்சுப் போட்டிருப்பான்னு நினைச்சேன். துண்டுச் சீட்டுல கடைசியா ஒரு வரி இருக்கு சார். 'இது அன்னிக்குக் கூண்டுல நிக்கும்போது என் கைப்பையில இருந்துச்சு. இனிமே உங்ககிட்டயே இருக்கட்டும்.'

கைப்பையில வெச்சுக்கிட்டே நின்னிருக்கா. எடுத்து நீட்டியிருந்தா தமயந்தி அம்மா கேள்விக்கு அதுதான் பதில். பொண்ணு எழுதினது உண்மைன்னு தகப்பனே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கானே. ஜெயிச்சிருக்கலாம். எடுக்கல.

காலைல அரை மணி நேரம் இதைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அழுகை வரல. வரும் வரும்னு பாத்தேன். அப்புறம் சட்டையைப் போட்டுக்கிட்டு, கட்டை எடுத்துக்கிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். பழனி பஸ்ஸெல்லாம் நிக்கிற இடத்துக்கு அந்தாண்ட, தாராபுரம் பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டிருந்தா. ஒரு பெட்டி, ஒரு பை. இந்த வண்டி வந்துச்சு. அவ முன்வாசல்ல ஏறினா. நான் பின்வாசல்ல ஏறினேன்.

ஆமா, இந்த வண்டிதான். அதோ, முன்னாடிலேர்ந்து மூணாவது சீட்டு, இடது ஜன்னலோரம், பச்சை துப்பட்டா. எங்க போனாலும் இடது ஜன்னலோரம்தான் பாத்து உக்காருவா, அப்பத்தான் பக்கத்துல இருக்கறவங்க பேசுறது வலது காதுல விழும். இல்ல, என்னைப் பாக்கல. பாத்திருந்தாலும் திரும்ப மாட்டா.

மேல் கோர்ட்டுக்குப் போகலாம் சார். அதுக்குத்தான் ஏறினேன். கூடுதல் ஆவணம்னு ஒரு மனு போட்டு இந்தக் கடுதாசியைத் தாக்கல் பண்ணலாம். சீனியர்கிட்ட போன்ல கேட்டேன், இது இருந்தா வாய்ப்பு இருக்கு பூமி, ஆனா இதை எழுதினது நான்தான்னு நீ பிரமாணப் பத்திரம் போடணும், கேள்வி வந்தா நீ ஏறி பதில் சொல்லணும்னாரு. அவளுக்கு ஒரு வேலையும் இல்ல. நான் ஏறினாப் போதும். அவன் தாராபுரத்தைக் கண்டுபிடிக்கறதுக்குள்ள முடிச்சுட்டா அவளுக்கு விடுதலை. அதைப் போய் அவகிட்ட சொல்லணும். பதினஞ்சு அடி தூரம். ஒட்டன்சத்திரம் தாண்டினதும் சொல்லலாம்னு இருந்தேன். அப்பத்தான் நீங்க ஏறினீங்க.

ஒரு உதவி பண்ணுங்க சார். சாட்சிக்குப் பழக்கம் வேணும், எல்லாருக்கும் நான் சொல்றதுதான். நீங்க தமயந்தி அம்மா மாதிரி என்னைக் கேளுங்க. ஒரே ஒரு கேள்வி. பொண்ணு எழுதினது உண்மைன்னு தெரிஞ்சும் ஏன் எட்டு மாசம் போகலன்னு கேளுங்க.

ம். கேட்டுட்டீங்க.

வெறுங்கையோட வந்த பொண்ணுங்க தோத்துப் போறதை நான் நூறு கேஸ்ல பாத்திருக்கேன். அதனாலதான். அவ நல்லதுக்குத்தான். இது சரியா நிக்குமா சார்? நிக்காது. ஆஸ்பத்திரிச் சீட்டு ஆகஸ்டுலயே ஒண்ணு வந்துடுச்சே, அப்பவே போயிருக்கலாமேன்னு அடுத்த கேள்வி வரும். ஆகஸ்டுல பாகப்பிரிவினை வழக்கு ஒண்ணு, பத்தொன்பது சாட்சி, அத்தனை பேரையும் நான்தான் தயார் பண்ணணும்னு சொல்லலாம். தீபாவளிக்கு? தீபாவளிக்குப் புடவை பார்சல்ல அனுப்பினேன்.

இல்ல சார். நிஜத்தைச் சொன்னா, பயமா இருந்துச்சு. அவன்கிட்ட போய் நின்னு சத்தம் போட எனக்குத் தெரியாது. நான் யார்கிட்டயும் சத்தம் போட்டதே கிடையாது, எனக்குத் தெரிஞ்சது காகிதம்தான். கூட்டிட்டு வந்துட்டா தினம் அவ முகத்தைப் பாக்கணும், அடிபட்ட முகம். அங்கயே இருந்தா எனக்குக் காகிதம்தானே வரும். இதை எப்படி சார் ஜட்ஜ் முன்னாடி சொல்றது? அந்த டைப்பிஸ்டு அடிப்பானே. அடிச்சுட்டா அப்புறம் எப்பவும் இருக்கும்.

வண்டி மெதுவாகுது. தாராபுரமா அதுக்குள்ள? ஆமா, பஸ் ஸ்டாண்டு வந்துடுச்சு. எந்திரிச்சுட்டா. மேல இருந்து பெட்டியை எடுக்கறா. பாருங்க, யாராவது எடுத்துக் குடுக்கக் கூடாதா, ஒத்தைக் கையால இழுக்கறா. அந்தப் பையன் எடுத்துக் குடுக்கறான். நல்ல பையன்.

இல்ல சார், நீங்க நகர வேண்டாம். உக்காருங்க. இருக்கட்டும்.

இறங்கிட்டா. யாரையோ வழி கேக்குறா. வலது காதைத் திருப்பிக் கேக்குறா பாருங்க. கூட்டமா இருக்கு, நான் இறங்கிப் போறதுக்குள்ள ஆட்டோ ஏறிடுவா. திருப்பூருக்கு டிக்கெட் வேற எடுத்திருக்கேன். பதிலையும் இன்னும் கொஞ்சம் சரி பண்ணணும், இப்படியே போய்ச் சொன்னா நிக்காது.

அப்பீலுக்குத் தொண்ணூறு நாள் டைம் குடுக்கறாங்க சார். இன்னிக்கு எழுபத்தொண்ணுதான் ஆகுது. இன்னும் பத்தொன்பது நாள் இருக்கு, அவசரமில்ல.